தன்னை அடையாளம் காணாத குதிரை

அந்தக் காலத்தில் சீன தேசத்துக் குதிரைகள் பேசின. கேட்டதற்கும் பேசின, கேட்காததற்கும் பேசின.

மஞ்சள் ஆற்றங்கரையில் ஒரு பிரபு இறந்துபோனார். பிரபு இறந்தால் அவருடைய குதிரையையும் அதை ஓட்டும் வீரனையும் உயிரோடு கல்லறைக்குள் வைத்து மூடுவது அங்கே வழக்கம். வீரன் பெயர் ஃபெங். அவன் தங்கை யூலான் மண்பாண்டம் வனைபவள். அவள் மண்ணில் ஒரு குதிரையும் அதன்மேல் ஓர் ஆளும் செய்து, சூளையில் சுட்டு, பிரபுவின் மகனிடம் கொண்டுபோனாள்.

"என் அண்ணனுக்கும் குதிரைக்கும் பதிலாக இதை வையுங்கள், ஐயா."

மகன் கெட்டவன் அல்ல. அப்பாவின் ஆவிக்குப் பயந்தவன். "அப்பாவை ஏமாற்ற முடியாது. 'இது நான்தான்' என்று இருவரும் தங்கள் வாயால் சொல்லட்டும். அப்புறம் வைக்கிறேன்" என்றான்.

கல்லறை முன் ஊர் கூடியது. ஃபெங் மண் ஆளைப் பார்த்தான்.

"என் மூக்கு இவ்வளவு கோணலா, தங்கச்சி?"

"இதைவிடக் கோணல், அண்ணா. கொஞ்சம் குறைத்திருக்கிறேன்."

"சரி, இது நான்தான்" என்றான். கூட்டம் சிரித்தது.

அடுத்து குதிரையின் முறை. அது மண் குதிரையை ஒரு சுற்று சுற்றி வந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

"வயிறு பானை மாதிரி இருக்கிறது. கால் குட்டை. இது நான் இல்லை, ஏதோ ஒரு கழுதை."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அதற்கு உறைத்தது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காவலர்கள் கயிற்றோடு வந்தார்கள். குதிரை திமிறி, வேலியைத் தாண்டி ஓடியது. ஃபெங்கைப் பிடித்துக் கட்டி உள்ளே இறக்கிக் கல்லறையை மூடினார்கள்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். ஃபெங் நம்பியது உயிருள்ள குதிரையை.

மூன்றாம் நாள் குதிரை திரும்பி வந்தது. கல்லறை மேட்டருகே யூலான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாருக்கும் வேண்டாத மண் பொம்மைகள். அவள் திட்டவில்லை.

"கால் எவ்வளவு நீளம் வேண்டும்? சொல், சரியாகச் செய்கிறேன்" என்றாள்.

குதிரை வாயைத் திறந்தது. மூச்சுதான் வந்தது.

மகனும் அதன்பின் யூலானை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுடைய அம்மா இறந்தபோது, யாரையும் எதுவும் கேட்காமல் மண் குதிரையையும் மண் வீரனையும் வைத்து மூடினான்.

உயிர்களுக்குப் பதில் மண் உருவங்கள் கல்லறைக்குள் போனதும், குதிரை இனமே பேச்சை விட்டதும் இப்படித்தான். இன்றும் எந்தக் குதிரையிடம் ஏதாவது கேட்டாலும், மூச்சை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறது.