பின்னைக் கழற்றியது யார்

“டீச்சர், இருக்கிறதுலயே பலமான பின்னா ஒண்ணு குடுங்க” என்றார் இன்னாசி.

ஜெயராக்கினி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

இன்னாசிக்கு ஐம்பத்து மூன்று வயது. அவளுக்கு முப்பத்து நான்கு. கம்பம் ஊருக்குப் பக்கத்தில் டிராக்டர் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். தாழ்ந்த திராட்சைப் பந்தலுக்கடியில் மினி டிராக்டரை எங்கும் இடிக்காமல் திருப்பியெடுக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அன்றிலிருந்து அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“பழைய பின்னுக்கு என்ன ஆச்சுண்ணே?”

“தெரியல டீச்சர். இந்த மாசத்துல ரெண்டு தடவ காணாமப் போச்சு.”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

டிராக்டரின் பின்பக்கத்துக் கைகளோடு, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைப் பூட்டி வைப்பது விரல் தடிமனுக்கு ஓர் இரும்புப் பின். அது நழுவாமலிருக்க, நுனித் துளையில் வளையம் வைத்த சின்னக் கிளிப் ஒன்று. முதல் தடவை இரண்டும் காணாமல் போனபோது ரோட்டவேட்டர் ஒரு பக்கம் சாய்ந்ததோடு சரி. இரண்டாம் தடவை, சுழலும் கத்திகளோடு அப்படியே பக்கவாட்டில் வீசியது. கொடித்துண்டு பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்த அவர் மனைவி ரோசலி துள்ளி விலகினாள். பந்தல் கல்தூணில் ஒரு சாண் அளவுக்குச் சில்லு பெயர்ந்து விழுந்தது.

ரோசலி கத்தவில்லை. “இனிமே வண்டிக்குப் பின்னால நான் வர்றதாயில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையிலேயே இன்னாசி பட்டறைக்கு வந்துவிட்டார்.

ஜெயராக்கினி ஒரு பின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சம்மட்டியையும் கொடுத்தாள்.

“ஒடைங்க.”

தட்டையான கல் ஒன்றில் வைத்து ஓங்கி ஓங்கி அடித்தார். கல்தான் தெறித்தது. பின்னில் ஒரு கீறல். அவ்வளவுதான்.

“ஒடையல” என்றார், மூச்சிரைக்க.

“உங்க பின்னு ஒடஞ்சு கெடந்துச்சா?”

“இல்ல. காணோம்னுதான சொன்னேன்.”

“அப்ப பலத்துக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

இன்னாசி சம்மட்டியைக் கீழே வைத்தார்.

தொலைந்துபோனதைப் போலவே ஒரு பின்னும் கிளிப்பும் எடுத்து அவள் நீட்டினாள். “இத மாட்டிட்டுப் போங்க. யாரு கழட்டுறாங்கன்னு பாத்துட்டு வாங்க. பெறகு தோதானது தர்றேன்.”

கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். பொறி பறந்தது. பேச்சு முடிந்துவிட்டது.

யார் கழற்றுகிறார்கள்?

வழியெல்லாம் அவருக்கு அதே யோசனை. பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரரிடம் விசாரித்தார். “உங்க துருப்பிடிச்ச பின்ன வச்சு நான் காதா குத்தப் போறேன்?” என்று அவர் சிரித்தார். கிளிப்பைக் கையில் வைத்து நூறு தடவை திறந்து மூடினார் இன்னாசி. நன்றாகத்தான் கவ்வியது. பின்னை மாட்டி ஆட்டிப் பார்த்தார். துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. ஆனால் வெளியே வரவில்லை.

ஓட்டிப் பார்த்தார். ஓட்டுகிறவர் எப்படிப் பின்னால் பார்ப்பது? நாலு அடிக்கு ஒரு தடவை திரும்பியதில் கழுத்து வலித்தது. பந்தல் கம்பி ஒன்று காதோரம் உரசிப் போனது. பின் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

வரப்பிலிருந்து ரோசலி எழுந்து வந்தாள்.

“எறங்குங்க. நான் ஓட்டுறேன்.”

“நீயா?”

“களத்துலருந்து நெழலுக்கு நகத்தி நிப்பாட்டுறது யாருன்னு நெனச்சீங்க? நீங்க நடந்து வாங்க. நின்னு பாருங்க.”

இன்னாசி இறங்கினார். கிளிப் வளையத்தில் மஞ்சள் பெயின்ட் தொட்டு வைத்தார், தூரத்திலிருந்தே தெரியட்டுமென்று. பத்தடி தள்ளி, சக்கரத்துக்கு நேராக, ஓரமாக நடந்தார். வண்டி உறுமியது. கத்திகள் மண்ணைச் சீவின. அந்தச் சத்தத்தைத் தரையில் நின்று அவர் கேட்டதேயில்லை. பாதத்துக்கடியில் மண் அதிர்ந்தது.

முதல் சாலில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை.

நாலாவது சாலில், கவாத்து வெட்டிப்போட்ட கொடி ஒன்று டயரின் பல்லில் சிக்கியது. சக்கரத்தோடு மேலே ஏறியது. பாதி உயரத்தில் நழுவிப் பின்பக்கமாய்ச் சரிந்தது. அதன் கவட்டை நுனி மஞ்சள் வளையத்துக்குள் நுழைந்தது.

இன்னாசி நடையை நிறுத்திவிட்டார்.

டயர் கொடியை இழுத்தது. கொடி வளையத்தை இழுத்தது. கிளிப் வாயைத் திறந்து, மண்ணில் குதித்து, கத்திக்கடியில் மறைந்தது. கண்ணிமைக்கும் நேரம்.

பின் இன்னும் விழவில்லை. வண்டியின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் நெல்மணி அளவு வெளியே வந்தது. கொஞ்சம் திரும்பியது. மறுபடி வந்தது. வீட்டு ஆளைப்போல நிதானமாக நடந்து வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார். பாதிக்குமேல் வந்த பிறகுதான் உடம்பு பதறியது.

“ரோசலி! நிப்பாட்டு! நிப்பாட்டு!”

வண்டி நின்றது. அவர் ஓடிப்போய் உள்ளங்கையால் பின்னை உள்ளே தள்ளினார். கை சுட்டது.

“யாருங்க?” என்றாள் ரோசலி, இருக்கையிலிருந்தே.

“கொடி” என்றார். சிரித்துவிட்டார். “நம்ம கொடிதான்.”

மிஞ்சிய பின்னைக் கம்பியால் கட்டி, ரோட்டவேட்டரோடேயே வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப்போனார். எதிரே வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் கையை மட்டும் ஆட்டினார்.

ஜெயராக்கினி எழுந்து வந்தாள். தகர டிரே ஒன்றை அவர் முன்னால் நகர்த்தினாள். அதில் இருபது முப்பது பின்கள்.

இருப்பதிலேயே தடிமனானதை எடுத்துத் துளையில் வைத்தார். நுழையவில்லை. போட்டுவிட்டார். அடுத்தது உள்ளே போய் ஆடியது; அதையும் போட்டார். ஏழாவதோ எட்டாவதோ, கட்டைவிரலால் அழுத்தியதும் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

அதை உருவி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக நுழைத்தார். கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி உருவி, திருப்பி, நுனி டயருக்கு எட்டாமல் உள்பக்கம் போகும்படி மாட்டினார்.

கிளிப்புகளில் வளையம் நீட்டிக்கொண்டிருந்ததையெல்லாம் ஒதுக்கினார். பின்னின் உடம்பைச் சுற்றி வளைந்து கவ்வும் கம்பிக் கிளிப் ஒன்றை எடுத்தார். போட்டார். ஆணி ஒன்றால் அதைக் கொக்கிபோட்டு இழுத்துப் பார்த்தார். மேலேயிருந்து, கீழேயிருந்து, பின்னாலிருந்து. ஆணி வழுக்கியது.

நிமிர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது.

ஜெயராக்கினி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“மொதல்லயே இதச் சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?” என்றார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “கொடிதான் கழட்டுதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்தானே?”

“தெரியாதுண்ணே.”

“சும்மா சொல்றீங்க.”

“நெசமாத்தான். உங்க தோட்டத்துக்கு நான் வந்ததேயில்லையே.”

இன்னாசி ஆணியை டிரேயில் போட்டார்.

அவள் தரையில் கிடந்த வெல்டிங் கம்பி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“இதுதான் கொடின்னு வச்சுக்கங்க” என்றாள். “எப்பிடி வந்துச்சுன்னு எனக்கு மெதுவாக் காட்டுங்க.”