ஐப்பசியில் வெட்டிய ரோஜாப் புதர்

மலைச்சரிவில் இரண்டு ரோஜாப் புதர்கள் இருந்தன. ஒன்றின் அடியில் முயல் தன் குட்டிகளோடு வாழ்ந்தது. மற்றதன் அடியில் காட்டெலி வாழ்ந்தது. முள் அடர்ந்த அந்தப் புதர்களுக்குள் நரியால் மூக்கைக்கூட நுழைக்க முடியாது.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் நரி வந்து உட்கார்ந்தது.

"என்ன புதர் இது, பரட்டைத் தலை மாதிரி! இப்போதே கிளைகளை ஒட்ட வெட்டுங்கள். வேருக்குச் சாணம் போடுங்கள். பனிக்காலத்துக்குள் புதுத் தளிர் விட்டுத் தளதளவென்று நிற்கும்!"

"சரி அண்ணே!" என்றது எலி.

"ஏன் இப்போது?" என்றது முயல்.

"ஏனா? பத்துப் பனிக்காலம் பார்த்தவன் சொல்கிறேன்!"

"போன ஐப்பசியில் கடமான் கடித்த கிளைதான் புதிதாகத் தளிர்த்தது. பனியில் முதலில் கருகியதும் அதுதான். முற்றிய கிளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

நரியின் காதுகள் விறைத்தன. "வாயைப் பார்! பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதே உனக்கு வேலை!"

"இது பதில் இல்லையே!"

"விடு அக்கா! எதற்கெடுத்தாலும் வாதமா?" என்ற எலி, அன்றைக்கே கிளைகளைக் கடித்துத் தள்ளியது.

முயல் ஒரு கிளையையும் தொடவில்லை. கிள்ளினால் அங்கேயும் தளிர் விடும் என்று, வாடிய பூக்களைக்கூடக் காயாக விட்டது. அடித்தண்டைச் சுற்றி மண்ணை மட்டும் அணைத்தது. முதல் பனி விழுந்த பிறகுதான் சருகைக் குவித்தது. முன்பே மூடினால் ஈரத்தில் தண்டு அழுகிவிடும்.

கார்த்திகையில் எலியின் புதர் முழுக்கத் தளிர்.

"பார்த்தாயா அக்கா? உன் புதர் கிழடுதட்டிக் கிடக்கிறது!"

முயல் தன் புதரின் அடித்தண்டுக்கு இன்னும் கொஞ்சம் மண் அணைத்தது.

மார்கழியில் உறைபனி இறங்கியது. விடிந்தபோது எலியின் தளிர்கள் கருகித் தொங்கின. தண்டுகள் வெடித்திருந்தன. நரி நிதானமாக அந்தக் குச்சிகளைத் தாண்டி உள்ளே வந்தது.

"அண்ணே, நீங்கள் சொன்னபடிதானே செய்தேன்!"

"செய்தாய். அதனால்தானே வந்திருக்கிறேன்!"

எலி ஓடியது. வாலின் நுனி நரியின் வாயில் போயிற்று. மிச்ச எலி முயலின் புதருக்குள் வந்து விழுந்தது. துரத்தி வந்த நரி, முள்ளில் மூக்கைக் கிழித்துக்கொண்டு திரும்பியது.

"அக்கா, நீயாவது என்னைத் தடுத்திருக்கக் கூடாதா?"

"தடுத்தேன். வாதம் என்றாய். சரி, சருகுக்குள் வா, குளிருகிறது. மிச்ச வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்!"

ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லாமல் கோபப்படுகிறவரின் யோசனையை நம்பி நம் வீட்டில் கை வைக்கக் கூடாது.