ஆயிரத்தெட்டுச் சுற்று

ஆயிரத்தெட்டாவது கிரிவலத்தை முடித்துவிட்டு ஆசிரம வாசலில் வந்து நின்றார் பச்சையப்பன். ரிட்டயரான பஸ் டிரைவர். நடையிலும் மனுஷனுக்கு டிரைவர் புத்திதான். தினம் பதினாலு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். ஐந்து நிமிஷம் கூடினால் முகம் சுண்டிப்போகும்.

எல்லாம் ஒரு வேண்டுதல். மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன மகள் அஞ்சுகம் திரும்பி வர வேண்டும். மூன்று வருஷமாக வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறார். வாசலில் பஸ் நின்றால் போதும், இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் தேடுவார். பாவம், இன்றைக்கும் அவள் இறங்கவில்லை.

உள்ளே சுந்தரவல்லி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பச்சையப்பனைவிடப் பத்து வயது இளையவர். முன்பு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். வயசு கிடக்கட்டும், பச்சையப்பனுக்கு அவர்தான் குரு.

"அம்மா, ஆயிரத்தெட்டும் ஆச்சு. அவ வரலையே!" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மொத்தம் எவ்வளவு நடந்தீங்க?"

"பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல."

"சராசரி வேகம்?"

"மணிக்கு நாலு." அந்த அழுகையிலும் அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அடேயப்பா! தினமும் எங்கேயிருந்து புறப்பட்டீங்க?"

"இந்த வாசல்லேருந்து."

"வந்து சேர்ந்தது?"

"இதே வாசல்தான்."

"அப்போ ரெண்டுக்கும் நடுவுல தூரம் எவ்வளவு?"

பச்சையப்பன் விழித்தார். "ஒண்ணுமில்லையே."

"அதை நேரத்தால வகுத்தா சராசரி திசைவேகம். பிள்ளைங்களுக்குச் சொல்லித் தருவேன். உங்களுக்கு எவ்வளவு?"

"பூஜ்யம். அப்போ நான் நடந்தது வீணா?"

"மலைக்கு நடந்தது மலைகிட்ட இருக்கு. நான் அஞ்சுகத்தைப் பத்திக் கேக்கறேன். எங்கே இருக்கா?"

"செங்கத்துல. முப்பத்தஞ்சு கிலோமீட்டர்."

"அவ போகும்போது என்ன சொன்னீங்க?"

"இனிமே என் மூஞ்சியில முழிக்காதேன்னேன்."

"சொன்ன பேச்சைக் கேக்கற பொண்ணு."

அம்மா எழுந்தார். வேண்டுதல் தொடங்கிய நாளில் பச்சையப்பன் கழற்றிப் போட்ட செருப்பு மூலையில் தூசி படிந்து கிடந்தது, அதை எடுத்தார். அஞ்சுகம் தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது.

"ஐயோ, நீங்க தொடலாமா!" என்று பதறினார் பச்சையப்பன்.

அம்மா காதில் வாங்கவில்லை. முந்தானையால் துடைத்து, வாசலில் செங்கம் ரோட்டைப் பார்க்க வைத்தார்.

"போனா, கதவைச் சாத்திடுவாளோ அம்மா?"

"தெரியாது. மெதுவாவே போங்க, ஐயா. இந்தத் தடவை மணி பாக்க வேணாம்."