கல்லுக்குள் இருந்த காளை தோற்றோடிய கதை

கல்லைப் பற்றி மூன்று நாளைக்கு வாய் திறப்பதில்லை என்று ராக்கியப்பன் தன் மனைவி சரசாத்தாளின் கையில் அடித்துச் சத்தியம் செய்து இன்னும் ஒரு நாள்கூட முழுசாகக் கழியவில்லை.

அவர் ஒன்றும் கல் வியாபாரி இல்லை. அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக விசில் ஊதி ஓய்வு பெற்றவர். காங்கேயம் பக்கத்து மண்ணில் உழுகிற சாலிலேயே விலைபோகிற ரத்தினக் கல் புரண்டு வரும் என்று எவனோ பஸ்ஸில் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பித்து. மழை பெய்து ஓய்ந்தால் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு காடு காடாகக் குனிந்தபடியே போவார். பொறுக்கி வந்ததை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து வெட்டுவார், சாணை பிடிப்பார், தோல் சக்கரத்தில் மெருகு ஏற்றுவார். ஒரு கல்லையும் விற்றதில்லை. விற்கும்படி ஒரு கல்லும் வந்ததுமில்லை. பேச்சு மட்டும் பஞ்சமில்லாமல் வந்தது.

அந்தக் கல்லாலும் பேச்சாலும்தான் மகள் இந்துமதிக்கு வந்த இரண்டு வரன் தட்டிப்போயிற்று. முதல் வரனின் அம்மா வாசலில் கிடந்த கல்லில் தடுக்கி விழுந்தாள். அதையாவது சகுனம் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். இரண்டாவது வரனின் பெரியப்பாவைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் ராக்கியப்பன் இரண்டு மணி நேரம் பேசினார். வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள்.

இப்போது மூன்றாவது இடம். மூலனூர்ப் பையன், தாராபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் இந்துமதி அவனைப் பார்த்திருக்கிறாள். "இந்த இடம் எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா. நீங்க மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தவள், அப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் போய்விட்டாள். முடித்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். புதன்கிழமை பதினோரு மணிக்கு ராக்கியப்பன் குழந்தைசாமியின் பேக்கரியில் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தறி ஃபிட்டர் லோகு. அப்போது ஒரு டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. இறங்கிய ஆளைப் பார்த்ததும் ராக்கியப்பன் டம்ளரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். தரகர் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் மாப்பிள்ளைக்கு வலது கைப்பக்கம் நின்றவரின் அதே காதோர முடி, அதே முறுக்கு மீசை. மாப்பிள்ளையின் அப்பா பொங்கியண்ணன்.

அந்த மனுஷனுக்கு ராக்கியப்பனை அடையாளம் தெரியவில்லை. டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, கல்லாவில் இருந்த குழந்தைசாமியிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, இந்த ஊர்ல ராக்கியப்பன்னு ஒரு கண்டக்டர் இருக்கறாராமா. ஆளு எப்படிங்க?"

பொண்ணு எடுக்கிறவர்கள் பேக்கரியில் விசாரிப்பது ஊர் வழக்கம்தான். குழந்தைசாமி ராக்கியப்பனைப் பார்த்தார். ராக்கியப்பன் டம்ளருக்குள் பார்த்தார்.

"தங்கமான மனுசனுங்க," என்றார் குழந்தைசாமி. "அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

லோகுவுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு தெருப்பக்கம் திரும்பினான்.

பொங்கியண்ணன் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அதில்லீங்க. கல்லுப் பொறுக்கறவருன்னு சொன்னாங்க. வேலவெட்டி இல்லாதவன்தான கல்லுப் பொறுக்குவான்? அதான் ஒரு சந்தேகம்" என்றார்.

அவ்வளவுதான். தன்னைச் சோம்பேறி என்றால் ராக்கியப்பன் பொறுத்துக்கொள்வார். கல்லைச் சொன்னால் பொறுக்க மாட்டார். ஆனாலும் சத்தியம் இருக்கிறது. ஒரு நிமிஷம் யோசித்தார். 'என்ற கல்லைப் பத்திப் பேச மாட்டேன்' என்றுதானே சத்தியம்? ராக்கியப்பன் என்கிற வேறொரு ஆளின் கல்லைப் பற்றிப் பேசினால் அதில் சேராது. இப்படி ஒரு சந்து கிடைத்ததும் நாக்கு அதில் புகுந்துவிட்டது.

"அந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியுமுங்க," என்றார். "கொஞ்சம் கிறுக்கன்தான். ஆனா சோம்பேறி இல்லீங்க."

குழந்தைசாமி பன்னை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பன்னை யாரும் துடைப்பதில்லை.

"வூட்டுல மாவாட்டற கிரைண்டர் இருந்துச்சுங்க. அதோட மோட்டாரைக் கழட்டித்தான் சாணை மிசினு பண்ணினாரு. பொண்டாட்டி வுடுவாளா? காத்தால மாவு, மத்தியானம் கல்லுன்னு ஒரே மோட்டாருக்கு ரெண்டு முறை. ஒருநாள் சக்கரத்துல இருந்த மெருகுப் பொடி எப்படியோ மாவுல கலந்துபோச்சு. அடுத்த நாள் இட்லியைத் தட்டத்துல வெச்சா, மேல சுத்தற ஃபேன் இட்லியில தெரியுதுங்க. அந்த ஆளு இட்லியைப் பாத்தே தலை சீவிட்டு வெளிய போனாரு."

"இட்லி சாப்பிடற பதத்துல இருந்துச்சுங்களா?" என்று பொங்கியண்ணன் கேட்டார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"வழுக்கிட்டுத் தானா உள்ள போச்சுங்க. மெல்ற வேலையே இல்ல."

லோகு, "மச்சா, போதும்" என்று பெஞ்சுக்கு அடியில் காலால் தட்டினான். ராக்கியப்பனுக்கும் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் எதிரில் இருப்பவர் அடுத்து என்ன என்பதுபோல டம்ளரைக் கீழே வைத்துவிட்டாரே. அப்படி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்கிற ஆளை அவர் எத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"அமராவதி ஆத்துல இருந்து ஒரு கல்லு கொண்டாந்தாருங்க. மாங்காயாட்ட இருக்கும். வெட்ட உக்காந்தாரு. பிளேடு தேஞ்சுது. மாத்தினாரு. அதுவும் தேஞ்சுது. பதினேழு பிளேடு போச்சு. ஊரெல்லாம் லைட்டு மங்கிப்போய், கரண்டு ஆபீஸ்லருந்து லைன்மேன் ஏணியோட வந்துட்டாரு. கடைசியில பாத்தாக்க, கல்லு வந்தபடியே இருக்குதுங்க. பதினெட்டாவது பிளேடுதான் பட்டை தீட்டி வைரமாட்ட மின்னுது."

"அப்ப அவரு கல்லைத் தீட்டல. கல்லுதான் அவரைத் தீட்டியிருக்குது," என்றான் லோகு.

"அதைத்தான் அவரு பொண்டாட்டியும் சொன்னா," என்று ராக்கியப்பன் ஒப்புக்கொண்டார். "ஆனா பாருங்க, தோத்தா அசர்ற ஆளில்ல. காட்டுல கன்னுக்குட்டி ஒசரத்துக்கு ஒரு பாறை. பேத்து எடுக்க முடியல. மிசினைக் காட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்டாரு. முரட்டுச் சாணை ஆறு மாசம், நைஸ் சாணை ஆறு மாசம், தோலு வெச்சு ஒரு வருசம். பாறை கண்ணாடியாப் போச்சு. பக்கத்துக் காட்டுல ஒரு காங்கேயங்காளை மேஞ்சுட்டிருந்தது. பாறைக்குள்ள இன்னொரு காளையைப் பாத்துப்போட்டு மொறைச்சுது. அதுவும் மொறைச்சுது. இது காலால மண்ணைச் சீச்சுது. அதுவும் சீச்சுது. மூணு நாளு ரெண்டும் தண்ணி இல்ல, தீவனம் இல்ல, மூக்கோட மூக்கு வெச்சுட்டு நிக்குதுங்க."

"நாலாம் நாளு?"

"நாலாம் நாளு கல்லுக்குள்ள இருந்த காளை தோத்து ஓடிருச்சுங்க. அன்னைக்கிருந்து அந்தப் பாறையில காளையே தெரியறதில்ல. மாடு, ஆடு, மனுசன் எல்லாம் தெரியும். காளை நின்னா மட்டும் வெறும் பாறைதான்."

குழந்தைசாமி கண்ணை மூடிக்கொண்டார். தான் சொன்ன 'அதிர்ந்து பேச மாட்டாரு' அந்தக் காளையோடு சேர்ந்து ஓடி இந்நேரம் எந்த ஊரில் போய்க்கொண்டிருக்கிறதோ.

பொங்கியண்ணன் மீசையை நீவினார். "சரி. அந்த ஆளு கையில உருப்படியா ஒரு கல்லாவது அமைஞ்சுதுங்களா?"

"அமைஞ்சுதே. ஒரு வெங்கச்சங்கல்லு, பாலாட்ட வெளுப்பு. தேய்க்கத் தேய்க்க வெளுப்பு போயி, பளிங்காகி, அதுக்கும் மேல தேய்ச்சு, கடைசியில கண்ணுக்கே தெரியாமப் போச்சுங்க. அவ்வளவு சுத்தம். வெச்ச எடம் தெரியல. தடுக்கினாத்தான் தெரியும். அதுல தடுக்கித்தான் போன வருசம் எங்கூட்டு வாசல்ல அந்தம்மா வுழுந்து, என்ற பொண்ணுக்கு வந்த மொத வரன்..."

வாய் நின்றுவிட்டது.

"எங்கூட்டு வாசலா?" என்றார் பொங்கியண்ணன்.

ராக்கியப்பன் எழுந்து நின்றார். அறுபத்திரண்டு வயதில் டிக்கெட் எடுக்காமல் பிடிபட்ட ஆள்போல நின்றார். பொய் சொல்லித் தப்பிக்க எத்தனையோ வழி தெரிந்தவர்தான். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. மகள் முடிக்காமல் விட்ட வாக்கியம் மட்டும் காதில் கேட்டது.

"நான்தானுங்க ராக்கியப்பன். நீங்க வண்டியை வுட்டு எறங்கறப்பவே தெரியும். தெரிஞ்சும் பேசினேன். இந்த வாயி அப்படி." துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நெசத்தைச் சொல்லிப்போடறனுங்க. பதினோரு வருசமாப் பொறுக்கறேன். ஒரு கொட்டகை நெறைய இருக்குது. ஒண்ணுகூடத் தேறல. போன தைமாசம் ஒரு பச்சைக்கல்லு கெடைச்சுது. நாலு மாசம் ராவிராவி மெருகு போட்டு, காங்கேயத்துல கல்லு பாக்கறவருகிட்டக் கொண்டுபோனேன். அவரு ஒரு தடவை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, சோடா பாட்டலோட அடிப்பக்கம்னு சொல்லிட்டாரு. ஊட்ல அதைச் சொல்லல. மரகதம்னு சொல்லி வெச்சிருக்கறேன். பொண்ணு அப்படி இல்லீங்க. அவ அம்மாவாட்டம். பேச வேண்டிய எடத்துல பேசுவா, நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்துவா. என்ற வாயை வெச்சு அவளைத் தள்ளிப்போடாதீங்க."

லோகு தலையைக் குனிந்துகொண்டான். அவன் ராக்கியப்பனின் கதைகளைப் பதினோரு வருஷமாகக் கேலி செய்கிறவன். இப்படி ஒரு கதையை அவரிடமிருந்து அவன் கேட்டதில்லை.

பொங்கியண்ணன் மீதி டீயைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சோடா பாட்டலு," என்றார், "மெருகு நல்லா வந்துச்சுங்களா?"

ராக்கியப்பனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "வந்துச்சுங்க. ஒரு கீறல் இல்லாம" என்றார்.

"அப்பறமென்னங்க. உக்காருங்க." பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்தார். "நான் இருபத்தாறு வருசம் போர் போடற வண்டி ஓட்டினவன். பூமிக்குள்ள இருக்கற கல்லு எனக்கும் கொஞ்சம் பழக்கமுங்க. மூலனூர்ல என்ற சொந்தக் காட்டுல போர் போட்டேன். ஆயிரத்து நானூறு அடி. ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்த கை, சொந்தக் காட்டுல வெறும் கல்லு மாவுதான் எடுத்துச்சு. அந்தப் புழுதி கெளம்பி மேல போச்சுங்க. போயி மேகத்துல ஒட்டிக்கிச்சு. மேகம் கனம் தாங்காம அப்படியே எறங்கி எங்க சோளக்காட்டுல உக்காந்துருச்சு."

குழந்தைசாமி துடைத்துக்கொண்டிருந்த பன்னைக் கீழே வைத்தார்.

"ஆறு ஆளு வெச்சு நெம்பித் தள்ளிவுட்டோம்," என்றார் பொங்கியண்ணன் அதே குரலில். "மேகம் அசையவே ரெண்டு நாளாச்சு. போறப்பவாவது ஒரு சொட்டு வுட்டுட்டுப் போச்சுங்களா? இல்ல. சோளத்தட்டை மேஞ்சுட்டுப் போயிருச்சு."

ராக்கியப்பன் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். தனக்கு மேல் ஒருத்தர் பேசி, தான் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குப் பழக்கமில்லாத சங்கதி. சுகமாகத்தான் இருந்தது.

"கீழ வுழுந்த கல்லு மாவை வழிச்சு மூட்டை கட்டி வெச்சேன். எங்க ஊர்ப் பொம்பளைங்க நாலு வருசம் அதுலதான் கோலம் போட்டாங்க. இன்னும் பதினெட்டு மூட்டை கெடக்குது." அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். "கல்யாண வாசலுக்குக் கோலப்பொடி வெளிய வாங்கிப்போடாதீங்க. வெள்ளிக்கிழமை வர்றோம். கொட்டகையைக் கூட்டி வைங்க, நான் பாக்கோணும்."

டிவிஎஸ் ஃபிப்டி தெருமுனை திரும்புகிறவரை மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். கடைசியில் லோகுதான், "மச்சா, ஒருத்தரைத் தாங்கறதுக்கே இந்த ஊருக்குச் சீவன் இல்ல" என்றான்.

ராக்கியப்பன் வீட்டுக்கு ஓடாத குறையாக நடந்தார். சரசாத்தாள் அடுக்களையில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க நிலையைப் பிடித்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பொங்கியண்ணனின் மேகத்தை மட்டும், அது தன்னுடையது இல்லை என்பதால், விட்டுவிட்டார்.

சரசாத்தாள் முழுசாகக் கேட்டாள். உளுந்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினாள்.

"ஏனுங்க, புளுகறதுக்கும் ஒரு நாயம் வேண்டாமுங்களா," என்றாள். "மாப்பிள்ளையோட அப்பா வந்து, உங்க பேச்சை முழுசா உக்காந்து கேட்டுட்டு, அதுக்கப்பறமும் பொண்ணை எடுத்துக்கறேன்னாராமா."