ஜோடி தேடின ஒத்தைக்கால் கட்டில்

ஒரே கட்டிலை ஒரு மனுஷன் மூணு தடவை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த கதை தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? அப்போ கையைக் காலை ஆட்டாம படுங்க, சொல்றேன். நடுநடுவுல 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா கதை அங்கேயே நின்னுடும்.

ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஓர் ஊர்ல தவசி, தவசின்னு ஒருத்தன் இருந்தான். அவனுக்கு சிலம்பாயின்னு ஒரு பொண்டாட்டி. பூவாத்தான்னு ஒரு வயசுல ஒரு பொண்ணு. செவலை நிறத்துல துள்ளித் துள்ளி ஓடுற ஒரு கன்னுக்குட்டி. தவசி நல்லவன், உழைப்பாளி. அவனுக்கு ஒரே ஒரு வியாதிதான் இருந்துச்சு. என்ன வியாதி? எதையும் தூக்கிப் போட மாட்டான். காம்பு போன அகப்பையா, இருக்கட்டும், உதவும். கயிறு அறுந்த உறியா, இருக்கட்டும், உதவும். எலி கடிச்ச சாக்கா, அதுவும் இருக்கட்டும், உதவும். இப்படியே இருந்து இருந்து, முற்றம் முழுக்கச் சாமான். கோழி நடக்கணும்னாக்கூட பக்கவாட்டுலதான் நடக்கணும்.

பக்கத்து வீட்டுக்காரன் பேரு உலகப்பன். அவன் இருக்கானே, வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஓட்டை உடைசலைத் தூக்கிட்டு வருவான். "தம்பி தவசி, உனக்குன்னு எடுத்து வச்சேன். நல்ல சாமான். வேலியோரமாப் போட்டு வை, உதவும்." ஒரு வருஷம் ஒத்தைக்கால் கட்டில் குடுத்தான். ஒரு வருஷம் அடி போன அண்டா. ஒரு வருஷம் ஆரக்கால் போன வண்டிச் சக்கரம். அதோட, மழை முடிஞ்சு எல்லாரும் முள்வேலி புதுசா அடைக்கிற நேரத்துல, "நீ அறுவடைக்குப் போ தம்பி, நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற வேலியை நானே அடைச்சிடறேன்"னு சொல்லுவான். எவ்வளவு நல்ல மனசுன்னு தவசிக்குக் கண்ணே கலங்கிடும்.

இந்த உலகப்பன் ஏன் இவ்வளவு நல்லவனா இருந்தான்? பொறுங்க. வருது.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டினா முற்றத்துக்கு நட்ட நடுவுல உரலைப் பதிப்பாங்க. இந்தப் பக்கம் எத்தனை தப்படியோ அந்தப் பக்கமும் அத்தனை தப்படி. பொம்பளப் புள்ளைக்குக் காது குத்தினா அந்த உரலடியிலதான் தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் குத்தணும். இப்போ பூவாத்தாவுக்குக் காது குத்தணும். மாமன்காரன் எட்டாம் நாள் வண்டி கட்டிட்டு வரேன்னு சொல்லி அனுப்பிட்டான். ஆனா உரல் எங்கே? சாமானுக்கு அடியில! நாலு வருஷமா சிலம்பாயி நெல்லு குத்த அடுத்த தெருவுக்குத்தான் போயிட்டிருந்தா.

உலகப்பன் வேலிக்கு மேல தலையை நீட்டினான். "என்னம்மா சிலம்பாயி, முகம் வாடிக் கிடக்கு? என் முற்றம் சுத்தமாத்தானே இருக்கு, என் உரலடியில குத்திக்கோங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம். அந்தச் செவலைக் கன்னை மட்டும் குடுத்துடுங்க."

தவசி தலையைச் சொறிஞ்சான். சிலம்பாயிக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. "எம் புள்ளைக்கு எங்க உரலடியிலதான் காது குத்துவோம் அண்ணே. கன்னுக்குட்டி அது ஆத்தாகிட்டயே இருக்கட்டும்"னு சொல்லிட்டு, சேலையை இழுத்துச் சொருகினா.

மறுநாள் தவசி வயலுக்குப் போனதும் ஒத்தைக்கால் கட்டில், அடி போன அண்டா, ஆரக்கால் போன சக்கரம் மூணையும் இழுத்துட்டுப் போய் ஊர்க்கோடி குப்பைமேட்டுல போட்டுட்டு வந்தா. சாயங்காலம் யாரு வந்தது? தவசி. தலைமேல என்ன? கட்டில்! "ஏ சிலம்பு, இங்க பாரேன்! எந்தப் புத்திகெட்டவனோ குப்பைமேட்டுல போட்டிருக்கான். நம்மகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்குல்ல? ஜோடி சேர்ந்துடும்!" அண்டாவுக்கு ஜோடி, சக்கரத்துக்கு ஜோடின்னு மூணையும் கொண்டுவந்து பழைய இடத்துலயே வச்சான்.

சிலம்பாயி விடுவாளா? மறுநாள் ஆத்தங்கரையில கொண்டு போய்ப் போட்டா. தவசி மாடு குளிப்பாட்டப் போனவன், தலைமேல கட்டிலோட வந்தான். "சிலம்பு, ஆத்துல வெள்ளம் அடிச்சுட்டு வந்திருக்கு போல. இப்போ நம்மகிட்ட மூணு கட்டில்!" ஆத்துல வெள்ளமாவது ஒண்ணாவது? கணுக்கால் நனையறதுக்குக்கூடத் தண்ணி கிடையாது.

மூணாம் நாள் கோயில் பின்னாடி போட்டா. தவசி பூசாரியை அழைக்கப் போனான். வந்தான். எதோட வந்தான்? சொல்லுங்க பார்ப்போம். ஆங், கட்டிலோட! "சாமியே குடுத்திருக்கு புள்ள. நாலு கட்டில் ஆச்சு. நாலு ஒத்தைக்கால் சேர்ந்தா ஒரு முழுக் கட்டில் செஞ்சிடலாம்!"

"செஞ்சிடலாம் மச்சான்"னு சொன்னா சிலம்பாயி, இடுப்புல கையை வச்சுக்கிட்டு. "போய் மத்த மூணையும் எடுத்துட்டு வா."

தவசி போய்த் தேடினான். வைக்கோலைத் தூக்கிப் பார்த்தான், சாக்கைப் புரட்டிப் பார்த்தான், கோழிக்கூட்டுக்குள்ள தலையை விட்டுப் பார்த்தான். கோழி கொத்தினதுதான் மிச்சம். கடைசியில கட்டிலோட அந்த ஒத்தைக் காலைக் குனிஞ்சு பார்த்தா, அவனே எப்பவோ சுத்தி வச்ச மஞ்சத்துணி! அப்படியே தரையில உக்காந்துட்டான்.

"சிலம்பு..."

"என்ன மச்சான்?"

"ஒரே கட்டிலையா மூணு நாளாச் சுமந்தேன்?"

"கழுத்து வலிக்கலையா உனக்கு?"

முதல்ல அவ சிரிச்சா, அப்புறம் அவன் சிரிச்சான், அப்புறம் ரெண்டு பேரும் சிரிக்கிறதைப் பார்த்துட்டு ஒண்ணும் புரியாத பூவாத்தாவும் கையைத் தட்டிச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சதும் தவசி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "எம் மக காதுகுத்துக்கு இல்லாத இடம் இந்தக் கட்டிலுக்கு எதுக்கு?"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டினான்.

அப்புறம் நாலு நாளு புருஷனும் பொண்டாட்டியும் குனிஞ்ச தலை நிமிரல. சாமானையெல்லாம் தெருவோரம் குவிச்சாங்க. புல்லைச் செதுக்கினாங்க, பள்ளத்தை மண்ணு போட்டு மேவினாங்க. சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கீழே செம்மண் பட்டை இழுத்தாங்க. உள்ளே ஒளிஞ்சிருந்த கீரிப்புள்ள ரெண்டு, இவங்களைத் திரும்பித் திரும்பி முறைச்சுட்டே வேற வீடு பார்க்கப் போச்சு. கடைசியா அடியிலேருந்து என்ன வந்துச்சு? உரல்! சிலம்பாயி அதைக் கழுவி மஞ்சள் பூசி, நிலைக்கண்ணாடி பார்க்கிற மாதிரி பார்த்துட்டே நின்னா.

எட்டாம் நாள் காலையில மாமன்காரன் வேலாண்டி ஒரு வண்டி நிறைய சொந்தக்காரங்களோட வந்து இறங்கினான். ஊர் நாட்டாமையும் வந்தாரு. சாணி தெளிச்ச முற்றத்துல சிலம்பாயி உரலைச் சுத்திப் பெரிய கோலம் போட ஆரம்பிச்சா. தப்படிக்கு ஒரு புள்ளி. கிழக்கே ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வச்சுட்டே போனா, பத்துப் புள்ளி வந்துச்சு. மேற்கே உலகப்பன் வேலிப் பக்கம் வச்சுட்டே போனா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு... வேலி முள்ளு கையில குத்திடுச்சு!

"மச்சான்! என் கோலம் இங்க இடிக்குது. நடுவுல இருக்கிற உரலுக்கு ஒரு பக்கம் பத்து, ஒரு பக்கம் ஆறு. மீதி நாலு தப்படி எங்கே போச்சு?"

தவசி வேலியைப் பார்த்தான், உரலைப் பார்த்தான், விரலை மடக்கினான். நாலு வருஷமா உலகப்பன் அடைச்சது நாலு வேலி. குறைஞ்சது நாலு தப்படி. இப்போ தெரியுதா, உலகப்பன் ஏன் அவ்வளவு நல்லவன்னு? சாமான் குவிஞ்சு கிடந்தா வேலி நகர்றது யாரு கண்ணுக்குத் தெரியும்?

உலகப்பன் வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து கத்தினான். "உரலு நகர்ந்திருக்கும்!"

"உரலுக்குக் காலு முளைச்சு நடந்துச்சாக்கும்!"னு வேலாண்டி சொன்னான். சொந்தக்காரங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சாங்க.

"அப்படியே இருக்கட்டும் அண்ணே, எங்க உரலு நடந்துச்சு. உங்க உரலு?"ன்னு கேட்டா சிலம்பாயி. "நாட்டாமை ஐயா, அவரு முற்றத்தையும் ஒரு தடவை அளந்துடுங்க."

நாட்டாமை துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு அளந்தாரு. உலகப்பன் உரலுக்கு மேற்கே பத்து தப்படி. கிழக்கே, இந்த வேலிப் பக்கம்? பதினாலு!

உலகப்பன் மெல்ல வீட்டுக்குள்ள நழுவப் பார்த்தான்.

"இப்பவே, உன் கையாலேயே வேலியைப் பிடுங்கி பழைய இடத்துல அடை"ன்னாரு நாட்டாமை. "அது முடிஞ்சாத்தான் இந்தப் புள்ளைக்குக் காது குத்து. அப்புறம், நீ இவனுக்குக் குடுத்த சாமானெல்லாம் உதவும்னு சொல்லித்தானே குடுத்தே? உனக்கே உதவட்டும். எலே, தூக்குங்கடா!"

வண்டியில வந்த அத்தனை பேரும் தெருவோரம் குவிஞ்சு கிடந்த சாமானையெல்லாம் ஆளுக்கொண்ணாத் தூக்கினாங்க. உலகப்பன் முற்றம் பொழுது ஏறுறதுக்குள்ள நிறைஞ்சுடுச்சு. அவன் முள்ளைப் பிடுங்கி முள்ளை நட்டு, "ஐயோ! அம்மா! ஆத்தா!"ன்னு போட்ட சத்தம் இருக்கே, மாமன் மடியில காது குத்திக்கிட்ட பூவாத்தாகூட அவ்வளவு கத்தல. அவ ரெண்டு விசும்பல் விசும்பினா, வெல்லக்கட்டியை வாயில போட்டதும் சரியாயிட்டா. கன்னுக்குட்டி முழுசாக் கிடைச்ச முற்றத்தைச் சுத்திச் சுத்தி ஓடி, கோலத்தையெல்லாம் மிதிச்சு அழிச்சுடுச்சு. சிலம்பாயி திட்டவே இல்லை.

அப்புறம் பத்து நாளு போச்சு. தவசியும் சிலம்பாயியும் உரலடியில உக்காந்து புளி கொட்டை எடுத்துட்டிருந்தாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் உலகப்பன், நடக்க இடமில்லாம பக்கவாட்டுல நடந்து நடந்து வந்தான். தலைமேல என்ன இருந்துச்சு? ஆமா, அதேதான்.

"தம்பி தவசி, இந்தக் கட்டிலை மட்டும் எடுத்துக்கோயேன். நல்ல சாமான் தம்பி. உதவும்."

தவசி கட்டிலைப் பார்த்தான். அந்த ஒத்தைக் காலைப் பார்த்தான். அதுல சுத்தின மஞ்சத்துணியைப் பார்த்தான். அவன் கை ரெண்டும் புளியை விட்டுட்டு மெல்ல மெல்ல மேலே எழும்புச்சு.

"சிலம்பு, சிலம்பு"ன்னு கூப்பிட்டான். "சீக்கிரம் என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன் புள்ள!"