கன்னத்து வழக்கு

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் காவி கிடைக்கவில்லை. பக்தியில் குறை இல்லை, படிப்பிலும் குறை இல்லை. குறுக்கே நின்றது அவருடைய கன்னம்.

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமியன்று காலையில்தான் துறவு கொடுப்பார்கள். குருவே தன் கையால் சீடரின் தலையையும் முகத்தையும் மழித்து, ஆற்றில் குளிக்க வைத்து, காவி கொடுத்து உள்ளே அழைத்துப் போவார். ஆனால் அன்றைக்குப் புண் உள்ள தோலில் கத்தி படக்கூடாது. மடத்தை நிறுவியவர் போட்டுவைத்த விதி அது.

ஆவுடையப்பனுக்குக் கன்னத்திலும் கழுத்திலும் எந்நேரமும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். மழித்த இடமெல்லாம் மிளகாய் பூசியது மாதிரி எரியும். மூன்று பௌர்ணமிகள் வந்தன. மூன்று முறையும் குரு அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கத்தியை மடக்கி வைத்தார்.

"அடுத்த பௌர்ணமிக்குப் பாப்போம், அண்ணாச்சி" என்றார்.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு அறுபத்திரண்டு. அதனால்தான் அந்த அண்ணாச்சி. ஆவுடையப்பன் அவரைச் சாமி என்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று சற்று முழிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இல்லை.

இந்த முறை தப்பவிட முடியாது. பங்குனிப் பௌர்ணமி முடிந்த மறுநாள் குரு காசிக்குக் கால்நடையாகப் புறப்படுகிறார். திரும்பி வர ஒன்றரை வருடம் ஆகுமாம். ஆவுடையப்பன் வீட்டை இரண்டு மகன்கள் பெயருக்கும் எழுதிவைத்துவிட்டு, தெருத்தெருவாக விடைபெற்றுக்கொண்டு வந்தவர். கடைத்தெருவுக்குப் போனால், "என்ன ஏட்டையா, வேட்டி இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு?" என்று கேட்கிறார்கள். இன்னும் ஒன்றரை வருடம் அந்தக் கேள்வியைத் தாங்க அவரால் முடியாது. அதுவரை உடம்பு தாங்குமா என்பதும் அவருக்குத் தெரியாது. கையில் இருந்தது பத்தொன்பது நாள்.

முப்பத்தாறு வருடம் போலீஸில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்ற மனிதர். எத்தனையோ திருடர்களைத் தேடிப் பிடித்தவர், கன்னத்துத் திருடனை விடுவாரா? ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். விசாரணையைத் தொடங்கினார்.

முதல் சந்தேகம் மடத்துக் கிணற்றின் மேல். உப்புத் தண்ணீர். மூன்று நாள் ஆற்றுத் தண்ணீரில் மழித்துப் பார்த்தார், எரிச்சல் அப்படியே இருந்தது. 'கிணறு விடுதலை' என்று எழுதினார். அடுத்தது சோப்பு. அதை மாற்றி வேறொன்றும், அதையும் மாற்றி நுரை வரும் களிம்பும் வாங்கினார். அவையும் விடுதலை. துபாயில் இருக்கும் தங்கை மகன் அனுப்பிய ஐந்து பிளேடு ரேஸரை எடுத்து ஒரு நாள் இழுத்தார். அது ஐந்து பேர் சேர்ந்து அடித்த அடியாகப் போனது.

பிறகு சாட்சிகள். மடப்பள்ளிச் சமையல்காரர் திரவியம் கற்றாழையைப் பிளந்து தேய்க்கச் சொன்னார். பூக்கட்டுகிறவர் படிகாரம் என்றார். அது பட்ட இடம் பற்றி எரிந்தது. "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று அவர் சமாதானமும் சொன்னார். மடத்துக்கு வந்த மருந்துக்கடைக்காரர் ஒரு டியூப் கொடுத்துவிட்டுப் போனார். வைத்தியம் சொல்ல மட்டும் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றினார். திரவியம் ஒரு நாள் பேச்சுவாக்கில், கொஞ்ச நாள் மழிக்காமலேதான் விட்டுப் பாருங்களேன் என்று சொல்லிவிட்டார். ஆவுடையப்பனுக்கு வந்ததே கோபம். போலீஸ்காரன் தாடியோடு நிற்பதா? ஒரு வார்த்தையில் திரவியத்தின் வாயை அடைத்துவிட்டார். பிறகு அந்த யோசனையை யாரும் சொல்லவில்லை. அது நோட்டிலும் ஏறவில்லை.

பயிற்சிக் காலத்தில் அணிவகுப்பின்போது ஹவில்தார் ஒரு துணுக்குப் பஞ்சோடு வருவார். கன்னத்தில் கீழிருந்து மேலாகத் தேய்ப்பார். ஒரு இழை ஒட்டினால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். அந்தப் பயம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. மடத்தில் கண்ணாடி கிடையாது, தடவிப் பார்த்துத்தான் மழிக்க வேண்டும். ஆவுடையப்பன் தாடையிலிருந்து காதை நோக்கி உள்ளங்கையால் தடவுவார். அப்படித் தடவினால் எந்தக் கன்னமும் சொரசொரக்கத்தான் செய்யும். உடனே கத்தியை எதிர்வாக்கில் இன்னொரு இழுப்பு இழுப்பார்.

பௌர்ணமிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார். குரு ஆற்றுப்படியில் உட்கார்ந்து வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு நோட்டை வாங்கி, ஒரு பக்கம் விடாமல் படித்தார். ஆவுடையப்பன் அதிகாரி முன்னால் நிற்பது போல நின்றார்.

"நல்லா விசாரிச்சிருக்கீங்க, அண்ணாச்சி."

"எதைத் தடவினா சரியாகும், சாமி?"

குரு நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.

"ஸ்டேஷன்ல ஒரு புகார் வந்தா முதல்ல என்ன எழுதுவீங்க?"

"சம்பவம் நடந்த தேதி. நேரம்."

"இதுல காணுமே."

ஆவுடையப்பன் நோட்டை வாங்கிப் புரட்டினார். கிணறு இருந்தது, சோப்பு இருந்தது, படிகாரம் இருந்தது. இந்த எரிச்சல் எப்போது தொடங்கியது என்பது மட்டும் எங்கும் இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

"விட்டுப்போச்சு, சாமி" என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது.

குரு தன் தலையைத் தடவிக்கொண்டார். முடி வளர்ந்துவிட்டதாகவும் அதை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். ஆவுடையப்பன் திகைத்துப் போனார். குருவின் தலையை இதுவரை அவர் தொட்டதே இல்லை.

ஓடிப்போய் வெந்நீர் வைத்தார். துண்டை நனைத்துப் பிழிந்து குருவின் தலையில் சுற்றி, முடி இளகட்டும் என்று காத்திருந்தார். கத்தியில் புது பிளேடு மாட்டினார். சோப்பை நன்றாக நுரைக்கவிட்டார். பிறகு உள்ளங்கையை வைத்து, முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பார்த்தார். நெற்றியில் முன்னோக்கி, காதோரத்தில் கீழ்நோக்கி, உச்சியில் ஒரு சுழி. கத்தி அந்தந்தப் போக்கிலேயே போனது. அழுத்தவில்லை. இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை கத்தியை அலசினார். முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

குரு தலையைத் தடவிப் பார்த்தார்.

"சொரசொரன்னு இருக்கே. எதிர்வாக்குல ஒரு இழுப்பு இழுக்கலையா?"

"வேண்டாம், சாமி. எரியும்."

"முடி மிச்சம் இருக்கே."

"ரெண்டு நாள்ல எப்படியும் வளரப் போவுது. அதுக்காகத் தோலைப் புண்ணாக்கலாமா?"

குரு தலையாட்டினார். "உங்க முகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்."

"வெந்நீர்லயா?"

"பச்சைத் தண்ணி."

"பிளேடு?"

"பத்து நாளைக்கு ஒண்ணு."

"எதிர்வாக்குல?"

"ரெண்டு தடவை, சாமி."

"ஏன்?"

"என் மூஞ்சிதானே" என்றார் ஆவுடையப்பன்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. குரு சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பௌர்ணமி வரைக்கும் கத்தியைத் தொடாதீங்க, அண்ணாச்சி."

சிவப்பு மிளகாயைத் தின்னச் சொல்லியிருந்தால்கூட ஆவுடையப்பன் சந்தோஷமாகத் தின்றிருப்பார். குரு சொல்லிவிட்டார், வேறு வழியில்லை. மூன்றாம் நாள் நமைச்சல் தாங்கவில்லை. ஐந்தாம் நாள் முகம் முழுக்க வெள்ளை முள். மடத்துக்கு யாராவது வந்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். திரவியம் அவருக்குக் குழம்பில் கொஞ்சம் அதிகமாகக் காய் போட்டுப் பரிமாறினார்.

ஆறாம் நாள் தாடையைத் தடவுகையில் ஒரு கொப்புளத்திலிருந்து ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வலித்தது. திரவியத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"முடிதான் அண்ணாச்சி. வெளிய வர வழி இல்லாம உள்ளயே சுருண்டு கெடந்திருக்கு. இப்பதான் தலையை நீட்டுது."

"இத்தனை நாளும் உள்ளயா கெடந்துச்சு?"

"ஒட்ட ஒட்ட வெட்டினா பாவம், அது எங்க போகும்?"

ஆவுடையப்பன் அன்று மாலை முழுக்க ஆற்றுப்படியில் உட்கார்ந்திருந்தார். விரல் அந்த முடியையே தேடித் தேடிப் போனது. எங்கும் ஓடாமல் இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை நோட்டோடு குருவிடம் போனார்.

"தேதி எழுதிட்டேன், சாமி."

குரு வாங்கிப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஐப்பசி மாதத் தேதி. நேரம், காலை ஆறு இருபது.

ஆவுடையப்பன் நின்றபடியே சொன்னார். மனைவி உலகம்மாள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். ராத்திரி முழுக்கக் கூட இருந்துவிட்டு, குளித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்கு வந்திருந்தார். ஆறு இருபதுக்கு நர்ஸ் போன் பண்ணினாள், உடனே வாருங்கள் என்று. அவர் கிளம்பினார். வாசல் வரை போய்விட்டு, முகத்தைத் தடவிப் பார்த்தார். மழிக்காமல் நாலு பேர் முன்னால் ஒரு நாளும் போனவர் இல்லை. இதோ வந்துவிடலாம் என்று திரும்பிப் போய்க் கத்தியை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் சொன்னாள், இப்போதுதான், ஐந்து நிமிஷம் முன்னால்தான் என்று. உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றும் சொன்னாள்.

"அஞ்சு நிமிஷம், சாமி" என்றார் ஆவுடையப்பன். "நான் மழிச்ச நேரம்."

பையன்களிடம்கூடச் சொன்னதில்லை. அதற்கு மறுநாளிலிருந்துதான் இரண்டு தடவை எதிர்வாக்கில் இழுப்பது. அவர் அழுதார். வெள்ளைத் தாடிக்குள் கண்ணீர் இறங்கி நின்றது. அழுகிற முகத்தை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நோட்டு குருவின் மடியிலேயே கிடந்தது. அழுகை அடங்கிய பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னைக்கு எரியுதா, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கன்னம் எரியல, சாமி."

பங்குனிப் பௌர்ணமி வந்தது. மகன்கள் இருவரும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பாவைத் தாடியோடு முதல்முறையாகப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்துறையில் மடத்து ஆட்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். குரு ஆவுடையப்பனின் தாடையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கொப்புளம்கூட இல்லை. கத்தியை விரித்தார்.

முதலில் தலை. பிறகு முகத்தில் வெந்நீர்த் துணியை வைத்துக் காத்திருந்தார். முடியின் போக்கிலேயே, ஒரே இழுப்பு. பன்னிரண்டு நாள் தாடி நுரையோடு படியில் விழுந்தது. ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியாகக் கழுத்தைத் துடைத்துவிட்டு, எழுந்து குளிக்கச் சொன்னார் குரு.

எழுந்தவரின் கை தானாக முகத்துக்குப் போனது. தாடையிலிருந்து மேல்நோக்கித் தடவியது. தடவிய இடத்திலேயே நின்றது.

"சாமி."

"என்ன அண்ணாச்சி?"

"தாடைக்குக் கீழ இன்னும் கொஞ்சம் இருக்கு."

கூடியிருந்தவர்கள் குருவைப் பார்த்தார்கள். மடத்துக் கதவு திறந்திருந்தது. திரவியம் மடித்த காவியோடு படியில் நின்றார். குரு குனிந்து கத்தியை ஆற்றில் அலசினார், துடைத்தார், மடக்கினார்.

"இருக்கட்டும்" என்றார். "அதோடவே உள்ள வாங்க."