குலசேகரன் வளர்த்த பீஸ் லில்லி

குலசேகரன் வாயைத் திறந்தால் பொய் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். சிங்காநல்லூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதும் அறிந்த சங்கதி இது. மூன்றாம் மாடிக்குக் குடிவந்து இரண்டே மாதமான உலகநாதனுக்கும் அவர் மனைவி மீனலோசனிக்கும் மட்டும் தெரியாது. அதனால்தான் சனிக்கிழமை சாயங்காலம் தங்கள் வீட்டுச் சாவியோடு அவர் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாரம் பூனாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். பால்கனியில் நாற்பது தொட்டிச் செடிகள். யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

“என்னை விட்டா வேற ஆளே கிடையாதுங்க,” என்றார் குலசேகரன்.

சமையலறையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி பூங்கோதை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“அதோ, மூலையில பாருங்க. பீஸ் லில்லி, வெள்ளைப் பூ பூக்கற செடி. போன மாசம் வாங்குனப்ப என்ர சுண்டுவிரல் ஒசரந்தான். கறுப்புக் கவர்ல வேரெல்லாம் நெரிஞ்சு கெடந்துதுங்க. கவரைக் கிழிச்சு, தொட்டியில வெச்சு, மண்ணைப் போட்டுக் கையை எடுக்கறதுக்குள்ள ரெண்டு எலை விட்டுருச்சு.”

“கையை எடுக்கறதுக்குள்ளயா?” உலகநாதன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தாவரவியல் எடுத்தவர்.

“கையையே எடுக்க முடியலீங்க சார். வேரு மோதிரத்தைப் புடிச்சுக்கிச்சு. சோப்புப் போட்டுத்தான் விரலை உருவுனேன். மோதிரம் இன்னமும் மண்ணுக்குள்ளதான் கெடக்குது.”

முப்பத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அந்த விரலில் மோதிரம் என்று ஒன்றைப் பூங்கோதை பார்த்ததே இல்லை. அவள் பார்த்தது வேறு. ஊறுகாய் ஜாடி மாதிரி அடியில் ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டி ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி வந்தார். வேரைத் துணி பிழிவதுபோல் முறுக்கி அதற்குள் திணித்தார். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு, இடையில் ஞாபகம் வந்தால் இன்னொரு செம்பு. ஹாலில் வழிந்த சேற்றைத் துடைத்தது அவள்.

“தண்ணி ஊத்துனனுங்க. ஒரு கொடம் போச்சு. இருபது லிட்டர் கேன் போச்சு. அது உறிஞ்சற சத்தத்தைக் கேட்டு, மோட்டார்தான் ஓடுதுன்னு கீழ் வீட்டுக்காரரு சுவிட்சை அணைக்க ஓடுனாரு. மொட்டைமாடித் தொட்டியே காலி.”

“போன மாசம் ஒரு நாள்கூடத் தண்ணி நிக்கலையே,” என்றார் உலகநாதன்.

“எப்படிங்க நிக்கும்? குடிச்சது போக மிச்சத்தைச் செடியே குழாய்ல திருப்பி விட்டுருச்சே. அந்தத் தண்ணியில குளிச்சா முடி கருகருன்னு வளரும். உங்களுக்குத் தெரியலீங்களா?”

உலகநாதன் தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே சாட்சி சொல்ல ஒன்றும் இல்லை.

“எலை விரிஞ்சுது பாருங்க, இந்த ஹால் அகலத்துக்கு. அது ஆடற காத்தே போதும்னு ஃபேனைக் கழட்டிப் பரண்ல போட்டேன். கடைசியில மேகம் ஹாலுக்குள்ளயே கட்டிருச்சு. வானிலை ஆபீஸ்ல இருந்து வந்து அளந்துட்டுப் போனாங்க. சோபாவுல மூணு சென்டிமீட்டர் மழை. சமையல்கட்டுல லேசான தூறல்.”

“ஃபேன் தலைக்கு மேல ஓடிட்டிருக்குதுங்களே?” என்று உலகநாதன் அண்ணாந்து பார்த்தார்.

“செடியைத் தூங்க வெச்சிருக்கனுங்க. அது வரைக்கும் ஃபேன். நல்லாப் பாருங்க, சுருங்கிப் படுத்திருக்குது.”

மூலையில் நாலு இலைகள் மஞ்சளாய்த் தொங்கின. அந்தச் செடி வந்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்கு முன் வந்தவை அழுகிக் குப்பைக்குப் போய்விட்டன என்பது பூங்கோதைக்குத் தெரியும்.

மீனலோசனிக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் விடிந்தால் ரயில். வேறு யாரையும் தெரியாது. “பதினோரு வருஷமா ஒரு அடீனியம், அதான் பாலைவன ரோஜா, வளர்க்கறேனுங்க. அதை மட்டும் பத்திரமாப் பார்த்துக்குங்க,” என்று சாவியை நீட்டினாள்.

“திரும்பி வாறப்ப ஈரோடு தாண்டும்போதே உங்க பால்கனி தெரியுமுங்க,” என்று குலசேகரன் கையை நீட்டினார்.

பூங்கோதை காப்பித் தட்டோடு வந்து நடுவில் நின்றாள். சிறுத்தையோடு குஸ்தி போட்டேன் என்று அவர் சொன்னபோதெல்லாம் பேசாமல் இருந்தவள்தான். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இது இன்னொருத்தி பதினோரு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி.

“சாவியை எங்கிட்டக் கொடுங்க அக்கா. தெனமும் காலையில நானே மேல வந்து ஊத்தறேன். இவரு அந்தப் பக்கமே வரமாட்டாரு.” வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குலசேகரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “செடியைப் பத்தி இவளுக்கு என்னங்க தெரியும்? நர்சரியில போய் என்னையப் பத்திக் கேட்டுப் பாருங்க, என்ன சொல்றாங்கன்னு.”

“புதன்கிழமை இவருகூட நானும் அஞ்சாவது செடி வாங்கப் போனப்ப நர்சரிக்காரம்மா அவங்களாவே கேட்டாங்க,” என்றாள் பூங்கோதை, காப்பியை நீட்டியபடி. “வூட்டுல எத்தனை ஆடு வெச்சிருக்கீங்கன்னு.”